கோத்தகிரியில் நாங்கள் போகும் கிளினிக்: தகவல் சொல்வதில் நல்ல பெயர், திருத்த வேண்டியதும் உண்டு

சின்ன கிளினிக்தான். டாக்டரம்மா ஒருவர் முழு நேரம், இன்னொரு டாக்டர் வாரத்தில் சில நாள், இரண்டு சிஸ்டர், டோக்கன் போடும் அக்கா, ரத்தம் எடுக்க ஒரு தம்பி. பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறையையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். டானிங்டன் பக்கம் புழங்குகிறவர்களுக்கு எது என்று சீக்கிரமே தெரிந்துவிடும், தெரிந்தால் தெரியட்டும். வைத்தியம் எப்படி என்று கேட்டால், நல்ல வைத்தியம். சளி பிடித்தவுடன் ஆன்டிபயாடிக் எழுதுவதில்லை, கேட்டாலும் ஊசி போடுவதில்லை. அதையெல்லாம் எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நான் எழுத வந்தது, நோயாளிகளுக்கு இவர்கள் தகவல் சொல்லும் விதத்தைப் பற்றி. அம்மாவுக்கு சுகரும் பிரஷரும் இருப்பதால் எத்தனையோ ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டேன், இவ்வளவு அக்கறையாகச் சொல்கிற இடத்தை வேறு எங்கும் பார்க்கவில்லை.

இங்கே பதிவு செய்தவர்களுக்குத் தினமும் காலை ஆறு, ஆறரைக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்துவிடும். இன்று எந்த டாக்டர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ரத்தம் எடுப்பது உண்டா இல்லையா, எந்தத் தடுப்பூசி இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது. எல்லாம் தமிழில், ஐந்தாறு வரிக்குள். பூப்படம், காலை வணக்கம், பொன்மொழி எதுவும் கிடையாது. சமவெளியில் இருப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம், கோயம்புத்தூரில் ஒரு டாக்டர் இல்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். சோலூர்மட்டத்திலிருந்தோ கோடநாட்டிலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, "டாக்டர் இன்றைக்கு லீவு" என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் போடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. திரும்பிப் போக அடுத்த பஸ்ஸும் உடனே இருக்காது. அதனால்தான் இந்தத் தகவல் எட்டு மணிக்கு வராமல் ஆறரைக்குள் வருகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். எட்டு மணிக்கு வந்தால் ஆட்கள் பஸ்ஸில் ஏறியிருப்பார்கள்.

போன மழைக்காலத்தில் வந்த ஒன்றை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன், அப்படியே தருகிறேன்: "இன்று டாக்டரம்மா 11 மணிக்கு மேல்தான் வருவார். குஞ்சப்பனை பக்கம் ரோட்டில் மரம் விழுந்து கிடப்பதால் லேப் வண்டி வராது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க இருந்தவர்கள் இன்று வர வேண்டாம். இப்போதே சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு சுகர் மாத்திரையை வழக்கம் போலப் போடுங்கள்."

லேப் வண்டி வராது என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கலாம், வேறு இடமாக இருந்தால் அதுகூட வராது. சாப்பிடுங்கள், மாத்திரையைப் போடுங்கள் என்று எழுதியவர், அந்த நேரத்தில் கீழ் கோத்தகிரியில் ஒரு வயதானவர் முந்தின ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு பட்டினியாக, தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறார் என்பதை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு வயிறு காலியாக இருந்தால் சிலருக்குக் கை நடுங்கும், வியர்க்கும், தலை கிறுகிறுக்கும், மலைப்பாதையில் நின்றபடியே வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு வரும் பஸ்ஸில் அது வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரத்த டெஸ்ட் விஷயத்தில் இவர்கள் முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பதை நான் தனியாகப் பாராட்டுவேன். டெஸ்ட்டுக்கு எழுதும்போதே ஒரு சின்னச் சீட்டு தருகிறார்கள். வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம், தண்ணீர் குடிக்கலாம், டீ காபி கூடாது, காலை மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு சாப்பாட்டோடு போட வேண்டும். எந்த மாத்திரையைக் காலையில் நிறுத்தக் கூடாதோ அதைப் பேனாவால் வட்டம் போட்டுத் தருவார் டாக்டரம்மா. சுகரின் மூன்று மாதச் சராசரி பார்க்கும் எச்.பி.ஏ.1.சி. மட்டும் எடுப்பதாக இருந்தால் சீட்டிலேயே "சாப்பிட்டுவிட்டு வரலாம்" என்று சீல் குத்தியிருக்கும். இதைச் சொல்லாமல் எல்லா ரத்த டெஸ்ட்டுக்கும் பட்டினியாக வரவைக்கும் இடங்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. சாப்பிட்ட பிறகு எடுக்கும் டெஸ்ட்டுக்கு, சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் கணக்கு என்பதையும் இங்கேதான் எங்களுக்குத் தெளிவாகச் சொன்னார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கே போவது? பின்பக்கம் ஒரு சின்ன அறை விட்டிருக்கிறார்கள், ஒரு பெஞ்சும் கை கழுவும் இடமும் உண்டு, டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சாப்பிட ஆரம்பிக்கும்போது ரத்தம் எடுக்கும் தம்பியிடம் சொன்னால், எப்போது எடுப்பது என்ற நேரத்தை உங்கள் சீட்டில் எழுதிவிடுவார். அந்த நேரம் வந்ததும் அவரே வந்து கூப்பிடுவார்.

டோக்கன் போடும் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேர், வயசு கேட்டதும் அவர் கேட்கும் அடுத்த கேள்வி, "திரும்ப எந்த பஸ்ஸுங்க?" என்பதுதான். அதைச் சீட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான் என்கிறவரை, உள்ளூர்க்காரர்களுக்கு முன்னால் அனுப்பிவிடுவார், ஏன் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுவார். நான் பார்த்தவரை யாரும் சண்டை போட்டதில்லை, காரணத்தைச் சொன்னால் மனிதர்கள் விட்டுக்கொடுப்பார்கள். வயதான படுகப் பாட்டிமார் வந்தால் அவர் படுகுவிலேயே பேசுவார், தமிழில் "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டுப் போகும் பாட்டிகள் படுகுவில் கேட்டால்தான் மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரமாகிறது என்ற உண்மையைச் சொல்கிறார்கள். அப்புறம் மாத்திரைக் கவர். அதில் 1-0-1 என்று எழுதுவதோடு சூரியன், நிலா படம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அதன் மேல் கோடு போட்டுத் தருகிறார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், என் அம்மா நன்றாகப் படிப்பார், கண்ணாடி இல்லாத நேரத்தில் அவருக்கும் அந்தப் படம்தான் உதவுகிறது.

காத்திருக்கும் அறையின் சுவரில் தகவல் தாள்கள் ஒட்டியிருப்பார்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒட்டுகிறார்கள்தான், ஆனால் மருந்துக் கம்பெனி கொடுத்த இதயம், கல்லீரல் படங்கள் இங்கே இல்லை. எல்லாம் இவர்களே எழுதியது, பெரிய எழுத்து, உட்கார்ந்தபடியே படிக்கிற உயரத்தில் ஒட்டியது, மாதத்துக்குத் தகுந்தபடி மாறுகிறது. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது உண்ணிக் காய்ச்சல் பற்றிய தாள் வரும். ஸ்க்ரப் டைபஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான், புதர், புல், தேயிலைச் செடி அடியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. காய்ச்சல் விடாமல் அடித்தால் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், இடுப்புப் பட்டை இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள், வலிக்காது என்பதால் உங்களுக்கே தெரியாமல் இருக்கும், இருந்தால் வெட்கப்படாமல் சிஸ்டரிடம் காட்டுங்கள் என்று அந்தத் தாளில் எழுதியிருக்கிறார்கள். இந்தக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற பழைய, விலை குறைந்த மாத்திரையே நன்றாகக் கேட்கும், ஆனால் நாள் கடத்தினால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். கொழுந்து பறிக்கும் பெண்கள்தான் அதிகம் வருகிற கிளினிக்கில், எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பதைப் பெண்களுக்குப் புரிகிற மாதிரி வெளிப்படையாக எழுதி ஒட்டியதற்கு நான் தலை வணங்குகிறேன். எங்கள் பக்கத்து லைனில் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில்) ஒரு அக்கா அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் காட்டினார், அவருக்கு அதுவே இருந்தது, மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கிவிட்டது.

நாய்க்கடித் தாள் வருஷம் முழுக்க இருக்கும். குன்னூரில் 1907-லேயே பாஸ்டர் நிறுவனம் வந்து, வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரித்த மாவட்டம் இது, இன்னும் நம் ஆட்கள் கடித்த இடத்தில் மஞ்சளும் காபித்தூளும் வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று டாக்டரம்மா வருத்தப்படுவார். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், எதையும் தடவாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், அன்றைக்கே ஊசி போடுங்கள், நாய் மட்டுமில்லை, பூனை, குரங்கு கீறினாலும் இதேதான் என்று தாளில் இருக்கிறது. அதற்குக் கீழே எழுதியிருப்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "ரத்தம் வந்த காயம் என்றால் தடுப்பூசியோடு காயத்தில் போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. அது எங்களிடம் இல்லை. இங்கே நேரத்தை வீணாக்காமல் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசியும் இலவசம்." தங்களிடம் இல்லாததை இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டும் தனியார் கிளினிக் எத்தனை இருக்கும்? அரசு மருத்துவமனையில் முதல் ஊசி போட்டு வந்தவர்களுக்குக்கூட இங்கே ஒரு உதவி செய்கிறார்கள். தோலில் போடும் ஊசிக்கு முதல் நாள், அப்புறம் 3, 7, 28 என்று நாள் கணக்குச் சொல்வார்கள், அதில் முதல் நாள் பூஜ்யம், இது பலருக்குக் குழம்பும். சிஸ்டர் காலண்டரைப் பார்த்து, இன்ன தேதி, இன்ன கிழமை என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். அதற்குக் காசு வாங்குவதில்லை.

டிசம்பர் வந்தால் கரி அடுப்புத் தாள். ராத்திரி குளிருக்குக் கரியை மூட்டி அறைக்குள் வைத்து, ஜன்னலை அடைத்துவிட்டுத் தூங்கி உயிர் போன செய்தி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே மயக்கமாக்கிவிடும். காலையில் எழுந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலைவலி, வாந்தி என்றால் அது குளிரோ அஜீரணமோ இல்லை, உடனே வெளிக்காற்றுக்கு வாருங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. காட்டேஜ் நடத்துகிறவர்கள் சிலர் இந்தத் தாளை நகல் எடுத்து அறையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், இன்னும் பலர் செய்யலாம்.

108-க்கு எப்படிச் சொல்வது என்று ஒரு தாள் உண்டு, கீழே இருப்பவர்களுக்கு இது தேவைப்படாது, எங்களுக்கு வேண்டும். ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது, ஒரே மாதிரி பெயரில் இரண்டு மூன்று ஹட்டி (படுகர் கிராமம்) இருக்கும். பக்கத்து பஸ் ஸ்டாப், எஸ்டேட் பெயர், எந்த டிவிஷன், வீடு வரை வண்டி வருமா அல்லது படி இறங்க வேண்டுமா, எங்கே ஆள் நிற்பார், அவர் போன் நம்பர், இவ்வளவும் சொல்ல வேண்டும். இதை முன்பே எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வெற்றுத் தாள் தருகிறார்கள், நாங்கள் நிரப்பி அடுப்படிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். டவர் கிடைக்கிற இடம் எது என்று எழுத அதில் ஒரு வரி விட்டிருப்பதைப் பார்த்தபோது, மலையில் இருப்பவர் தயாரித்தது என்று புரிந்தது.

அரசுத் திட்டங்களை மறைக்காமல் சொல்வதும் இங்கே பிடித்திருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் பக்கமும் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை தருகிறார்கள். அந்த மாத்திரையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், இங்கே எழுதுவதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள். அங்கே ஆம்லோடிபின் (பிரஷர் மாத்திரை) என்ற பெயரிலும், மருந்துக்கடையில் வேறு பிராண்ட் பெயரிலும் ஒரே மருந்தை வாங்கி இரண்டையும் போட்டுக்கொண்டு, கால் வீங்கி வருகிறவர்கள் உண்டாம். டாக்டரம்மா மருந்தின் மூலப் பெயரைத் தெளிவான எழுத்தில் எழுதுவார், முதல்வர் மருந்தகத்தில் விலை குறைவாகக் கிடைக்கும், அங்கேயும் கேட்டுப் பாருங்கள் என்பார். 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகு, இனி எந்த நோய்க்குக் கோயம்புத்தூர் இறங்க வேண்டாம், ஊட்டிக்கே போகலாம் என்று ஒரு நீளமான தகவல் அனுப்பினார்கள். அதை எங்கள் ஊரில் பலர் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

சீசன் நேரத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் விடுவார்கள், அப்போது மதியத்துக்கு மேல் எங்கள் ஊர் ரோட்டில் நகர முடியாது. கிளினிக்கில் மார்ச் கடைசியிலேயே சீசன் நேரத்தை அறிவித்துவிடுகிறார்கள், காலையில் சீக்கிரம் திறந்து மதியம் இடைவெளி விட்டு, ராத்திரி கொஞ்சம் நீட்டிப்பார்கள். 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் வந்த பிறகு, கீழேயிருந்து காரில் வந்து அப்பா அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போகும் பிள்ளைகளுக்கு, டி.என். 43 (நீலகிரிப் பதிவு) வண்டி இல்லையென்றால் பாஸ் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள், கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு எங்களுக்கு போன் செய்யாதீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போனால் இன்சுலின் என்ன ஆகும் என்ற கேள்விக்கும் இவர்கள்தான் நிம்மதி கொடுத்தார்கள். பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா வெளியே இருந்தால் கெட்டுப்போகாது, பெரும்பாலான வகைகள் 4 வாரம் வரை தாங்கும், எங்கள் குளிருக்குப் பயமே இல்லை, பிரிக்காததை மட்டும் ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃபிரிட்ஜ் கதவைச் சும்மா திறந்து பார்க்காதீர்கள், ஐஸ் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலினை உருக வைத்துப் போடக் கூடாது, தூக்கிப் போட வேண்டும். இது நாலு வரித் தகவல். கரண்ட் போன ராத்திரியில் வந்தது என்பதுதான் அதன் மதிப்பு.

இப்போது குறைகள். முதலாவது லேப் ரிப்போர்ட். காலைத் தகவலை இவ்வளவு அக்கறையாக எழுதுகிறவர்கள், ரிப்போர்ட்டை மட்டும் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், ஆங்கிலத்தில், சிவப்பு எழுத்தோடு, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் அனுப்பினார்கள். அம்மாவின் பொட்டாசியம் 6.1 என்று சிவப்பில் வந்தது. பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர், அது பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் கிளினிக் போன் எடுக்கவில்லை, இணையத்தில் தேடினால் இதயம் நின்றுவிடும் என்று வருகிறது, வெளியே மழை, அம்மா நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருக்கிறார், நாங்கள் யாரும் தூங்கவில்லை. காலையில் போனால் டாக்டரம்மா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி ரத்தம் எடுத்து, அணுவையும் நீரையும் அங்கேயே உடனே பிரித்து அனுப்பினார், 4.4 என்று சரியான அளவில் வந்தது. எடுத்த ரத்தத்தை நேரத்தோடு பிரிக்காமல் குளிரில் வைத்திருந்தாலும், வழியில் குலுங்கி ரத்த அணு உடைந்தாலும், அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து அளவைக் கூட்டிக் காட்டும் என்று பொறுமையாக விளக்கினார். 33 கிலோமீட்டர் மலை இறங்கி மேட்டுப்பாளையம், அதற்கப்புறம் கோயம்புத்தூர் என்று போகும் ரத்தத்துக்கு இது நடக்கக்கூடியதுதான். விளக்கம் சரி. ஆனால் அந்த ராத்திரியை யாரும் திருப்பித் தர முடியாது. ஒன்று, டாக்டர் பார்த்த பிறகு அனுப்ப வேண்டும், இல்லையென்றால் இரவில் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுத்த பிறகு "டாக்டர் பார்த்துவிட்டார், காலையில் வந்தால் போதும்" அல்லது "இப்போதே கூப்பிடுங்கள்" என்று ஒரு வரி போட ஆரம்பித்திருக்கிறார்கள், நல்லது, ஆனால் எல்லா ரிப்போர்ட்டுக்கும் இன்னும் வருவதில்லை. எல்லாவற்றுக்கும் வர வேண்டும்.

இரண்டாவது, காத்திருக்கும் இடத்தில் சத்தமாகக் கேட்பது. "யூரின் டெஸ்ட்டுக்கு வந்தது யாரு?", "வெள்ளைப்படுதலுக்கு வந்தவங்க உள்ளே வாங்க" என்று கூப்பிட்டால், சின்ன ஊரில் ஒருவர் இரண்டாம் முறை வர மாட்டார். புதிதாக வந்த சிஸ்டர் இப்படிச் செய்கிறார், கெட்ட எண்ணம் இல்லை, யாராவது அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் போதும். வாட்ஸ்அப்பில் முதலில் எல்லோரையும் ஒரே குரூப்பில் போட்டிருந்தார்கள், எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவர் தன் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டை அதில் போட்டுவிட்டார். அன்றைக்கே குரூப்பைக் கலைத்துவிட்டு, கிளினிக்கிலிருந்து மட்டும் தகவல் வருகிற மாதிரி மாற்றினார்கள். அதே வேகத்தை இதிலும் காட்டலாம்.

மூன்றாவது, பட்டன் போன்காரர்கள். தோட்டத்து வேலைக்குப் போகும் வயதானவர்களில் நிறையப் பேரிடம் வாட்ஸ்அப் இல்லை, இந்தக் காலைத் தகவல் அதிகம் தேவைப்படுவதே அவர்களுக்குத்தான். இப்போதைக்கு மகனோ பேத்தியோ படித்துச் சொன்னால்தான் உண்டு. டாக்டர் வராத நாளில் மட்டுமாவது சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், இல்லையென்றால் சோலூர்மட்டம், கீழ் கோத்தகிரி, கோடநாடு பஸ் நிற்கும் இடங்களில் இருக்கும் டீக்கடைக்கு ஒரு போன் செய்து கரும்பலகையில் எழுதச் சொல்லலாம். கடைக்காரர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், அவர்கள் வீட்டு ஆட்களும் இங்கேதான் வருகிறார்கள். ஒன்பது மணி முதல் பத்தரை வரை லேண்ட்லைன் யாரும் எடுப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அக்கா ஒருவரே டோக்கனும் போட்டு, பணமும் வாங்கி, போனும் எடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு ஆளை வைத்தால் தீரும்.

கட்டணம் வாசலிலேயே எழுதியிருக்கிறது, ஒரு வாரத்துக்குள் அதே உடம்புக்குத் திரும்ப வந்தால் வாங்குவதில்லை. வண்டி நிறுத்த இடம் கிடையாது, பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும், கடைசி ஏற்றம் கொஞ்சம் செங்குத்து, முட்டி வலி இருப்பவர்களை ஆட்டோவில் வாசல் வரை கூட்டிப்போங்கள். ஞாயிறு விடுமுறை. குழந்தைக்குத் தடுப்பூசி போட வருகிறவர்கள் காலைத் தகவலில் இருப்பு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அட்டவணைப்படி போடும் ஊசிகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை இலவசமாகப் போடுகிறார்கள் என்று இவர்களே சொல்லி அனுப்புவார்கள். தகவல் வேண்டும் என்றால் வாசல் போர்டில் இருக்கும் நம்பரை முதலில் உங்கள் போனில் பதிந்துகொள்ளுங்கள், பதியாவிட்டால் தகவல் வராது, அதற்கப்புறம் பேர், ஊர், வயசு மூன்றையும் தமிழிலேயே அனுப்பினால் மறுநாள் காலையிலிருந்து வர ஆரம்பிக்கும்.